மெத்தையில் விழுந்த பள்ளம்

தம்பி, முதலில் உன் பதற்றத்தைத் தணித்துவிடுகிறேன். நீ அனுப்பிய லோரி இன்று காலை பத்து மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டது. நாற்காலியைப் பழைய கம்பளியில் சுற்றி, கயிறு கட்டி, கீறல் படாமல்தான் ஏற்றினார்கள். ஆனால் பெட்டாலிங் ஜெயாவில் நீ திறக்கப்போகும் மண்டபத்துக்கு அது வராது. எங்கே போயிற்று என்று சொல்வதற்கு முன்னால் ஏன் போயிற்று என்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவிலேயே “ஓகேம்மா, ஓகேம்மா” என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருடம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து அடுத்தவர்கள் பேசியதையே திருப்பிப் பேசியவள் நான். சாட்சி ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வார்த்தை, இருமினால் இருமினார் என்று சொல்வேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. இந்த ஒரு தடவை என் சொந்தப் பேச்சைப் பேசுகிறேன், முழுசாகக் கேள்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, என்னோடு வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தியோடு வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ரசம் ஊற்றுகிற நேரத்தில் அவள் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். “இது உங்க பையன்தானே? சூப்பரா பேசுறான் லா,” என்றாள். நீதான். கறுப்புச் சட்டை, கன்னத்தை ஒட்டி மைக், பின்னால் ஊதா விளக்கு, காலடியில் புகை. யாரோ அடுப்பில் சட்டியை மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, “எங்க வீட்டுல, கிள்ளான்ல, ஒரு நாற்காலி இருக்கு. ஒரு வியாழக்கிழமை கர்த்தர் அதுல வந்து உட்கார்ந்தாரு. மெத்தை தானா அமுங்குச்சு. என் கண்ணால பார்த்தேன்,” என்றாய். கூட்டம் எழுந்து நின்று அழுதது. என் சிநேகிதி கோயிலுக்குப் போகிறவள், அடுத்தவர் சாமியைக் கிண்டல் செய்யத் தெரியாதவள். “உண்மையாவா அக்கா?” என்று மரியாதையாகக் கேட்டாள். நான் கையில் சோற்றை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரமே நீ போன் செய்தாய். “மா, ஓப்பனிங் அன்னிக்கு அந்த நாற்காலி வேணும். மேடையில கண்ணாடிப் பெட்டி செஞ்சு அதுக்குள்ள வைக்கப் போறோம். நீங்க வந்து ரெண்டே நிமிஷம் சாட்சி சொன்னா போதும்.” கண்ணாடிப் பெட்டி! மியூசியத்தில் சுல்தானின் வாளை வைக்கிற மாதிரி, என் வீட்டு நாற்காலியை. உன் மண்டபத்தைப் போன தடவை சுற்றிக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறது. வாசலில் காபிக் கடை. கார் நிறுத்த வாக்கிடாக்கி பிடித்த ஆட்கள். முன் வரிசையில் பெயர் ஒட்டிய சோபா. புகை மெஷினை எத்தனையாவது பாட்டுக்குத் தட்ட வேண்டும் என்று உன் ஆட்கள் தாளில் அச்சடித்து வைத்திருந்தார்கள், நான் படித்தேன். புகை கிளம்பியதும் அவர் இறங்கி வந்துவிட்டார் என்று நீ சொல்வாயாம். மின்சாரம் போய்விட்டால் அவரும் போய்விடுவாரா? எந்நாளும் கூடவே இருப்பதாகச் சொன்னவரை சுவிட்ச் தட்டிக் கூப்பிடுகிற உங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து எனக்கு மெய் சிலிர்க்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. பிரசன்னம், பிரசன்னம் என்று மணிக்கு நாற்பது தடவை சொல்கிற ஆட்கள், கழிப்பறை கழுவ வந்த அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போனதையும் அன்றைக்கே பார்த்தேன்.

ஆனால் உன்னை இப்படித் திட்ட எனக்குத்தான் கொஞ்சமும் தகுதியில்லை. இந்தக் கூத்தை முதலில் நடத்தியவள் நான். உன் மண்டபத்துக்கு ஏர்கண்டிஷன் இருக்கிறது, என் வீட்டுக் கூடத்தில் காற்றாடிதான் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நாற்காலி உன் அப்பாவுடையது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் வாங்கி, இரண்டு கைப்பிடிக்கும் தானே வார்னிஷ் அடித்தார். மெத்தை இலவம்பஞ்சு. உட்கார்ந்து எழுந்தால் பழைய உயரத்துக்கு வர அரைமணி நேரமாவது ஆகும். அப்பா எழுந்து குளிக்கப் போன பிறகும் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்கும், நீ அதில் விளையாட்டுக் காரை உருட்டி விடுவாய். அவர் இறந்த பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. நான் உட்கார விடவும் இல்லை. வியாழக்கிழமைதோறும் நம் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கூடத்தில் இடமில்லாமல் ஆட்கள் படிக்கட்டில் உட்காருவார்கள், நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். அதைப் பார்த்த ஊழியக்காரர் ஒருநாள், “சிஸ்டர், அந்த இடத்தைக் கர்த்தருக்குக் கொடுத்துடுங்க. இனிமே அது அவரோட நாற்காலி,” என்றார். காலி நாற்காலியைப் பார்க்கத் தாங்காமல் இருந்தவளிடம் வந்து, அதில் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் கசக்குமா? அன்றிரவு வருடக்கணக்கில் தூங்காத தூக்கம் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. மெரூன் வெல்வெட்டில் புது உறை தைத்தேன். காற்றாடியை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தார்கள், கர்த்தருக்கு வேர்க்குமாம். நாற்காலி வாசலைப் பார்த்திருக்க வேண்டுமா, எங்களைப் பார்த்திருக்க வேண்டுமா என்று இரண்டு வாரம் சண்டை நடந்தது. ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு வேறு கூட்டத்துக்குப் போனது. கிரேஸ் ஆன்டி நாற்காலிக்கு முதுகைக் காட்டக்கூடாது என்று சமையலறைக்குப் பின்பக்கமாகவே நடந்து போய், கறிபாப் பலகாரத் தட்டோடு விழுந்தாள். விழுந்ததும் சும்மா இருந்தாளா, “அபிஷேகம் தாங்க முடியல,” என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொன்னேன். கோர்ட்டில் என் முன்னால் எத்தனையோ பேர் சத்தியம் செய்துவிட்டுப் புளுகியிருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். சொந்த வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

நீ ஐந்தாம் படிவம் படித்த வருடம் அஞ்சலை அக்கா வந்தாள். கிள்ளானில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை. காலை ஏழு மணிக்கு நின்றால் மாலை ஆறு வரை நிற்கிற வேலை. விசுவாசத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, எங்கள் சட்டதிட்டம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அன்று நம் வீட்டுக்கு முதல் தடவை வருகிறாள், அதுவும் தாமதமாக. எல்லோரும் கண்ணை மூடிக் கையைத் தூக்கி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்தேன். நீலச் சீருடை, கையில் செருப்பு, கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். போய் உட்கார்ந்து, “அப்பாடா,” என்றாள். ஜெப இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த உன் காதிலும் விழுந்தது.

அவள் கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்திருந்தாள், இரண்டு நிமிடம் இருக்கும். நான் நுனிக்காலில் போய் அவள் தோளைத் தொட்டு, “அக்கா, எந்திரிங்க. இது கர்த்தர் உட்கார்ற இடம்,” என்று காதோடு சொன்னேன். அவள் திடுக்கிட்டு எழுந்தாள். நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்குங்கம்மா, அவரு வந்துட்டு வெளிய போயிருக்காரா?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை தம்பி. ஒரு வீட்டுக்கு வந்தவர் கை கழுவப் போயிருக்கிறார் என்பது போல் நிஜமாகவே கேட்டாள். எனக்கு அப்போது வந்தது கோபம். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற கோபம். அந்த நேரத்தில் நீ வாசிப்பதை நிறுத்திவிட்டு, உன் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாய். அன்றைக்கு அந்தக் கூடத்தில் சரியாக நடந்துகொண்டது நீ ஒருவன்தான். நான் பல்லைக் கடித்து, “மியூசிக் நிக்கக்கூடாது, உட்காருடா,” என்றேன். நீ உட்கார்ந்தாய். அன்று உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அஞ்சலை அக்கா சமையலறை வாசலில், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்ததும் கிரேஸ் ஆன்டி அலறினாள். மெத்தையில் பள்ளம். சாயங்காலம் நான் தட்டி நிமிர்த்தி வைத்த மெத்தையில், ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி பெரிய பள்ளம். “வந்து உட்கார்ந்திருக்காரு! பாருங்க, வந்து உட்கார்ந்திருக்காரு!” எல்லோரும் முழங்காலில் விழுந்தார்கள். ஊழியக்காரர் அந்தப் பள்ளத்தைத் தொட்டுவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வெதுவெதுப்பாக இருக்கிறதாம். இருக்காதா? பதினொரு மணி நேரம் நின்ற ஒரு பொம்பளை அப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள். சமையலறை வாசலிலிருந்து அஞ்சலை அக்கா, “அம்மா, அது நான்தாம்மா…” என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். பிறகு நீ என்னைப் பார்த்தாய். உன்னையும் அதே பார்வை பார்த்தேன். உட்கார்ந்தது அவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்குப் பயந்தேன், அது பாதி. மீதிப் பாதி இதுவரை யாரிடமும் சொல்லாதது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் ஒரு கணம் எனக்கு உன் அப்பா குளிக்கப் போயிருக்கிறார் என்று தோன்றியது. நான் கர்த்தருடைய இடத்தைக் காவல் காக்கவே இல்லை. என் புருஷனுடைய இடத்தைக் காத்துக்கொண்டு, அதற்குக் கர்த்தர் பெயரைப் போட்டிருந்தேன். அதற்காக ஒரு களைத்த பொம்பளையை எழுப்பி நிற்க வைத்தேன்.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவளுக்கு இடறல் ஆவி பிடித்துவிட்டது என்று கூட்டத்தில் ஜெபித்தார்கள். கால் வீக்கத்துக்கு ஒருவரும் ஜெபிக்கவில்லை, அது யாருக்கும் தெரியவும் தெரியாது. பள்ளம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. ஒரு மாதத்தில் அதற்கு ஒளி சேர்ந்தது, ஒரு வருடத்தில் நறுமணம் சேர்ந்தது. காஜாங்கிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து வெல்வெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள், நானும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ஊழியக்காரர் ஜோகூருக்கு மாறிப் போனார், கூட்டம் கலைந்தது. எனக்கு நிம்மதி. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ அதை எடுத்து மைக் மாட்டும் வரை.

அதனால்தான் போனில் உன்னிடம் கேட்டேன். “தம்பி, அந்தப் பள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கா?” “இருக்கும்மா. பார்த்தேனே.” “யாரைப் பார்த்தே?” அதற்குப் பிறகு நீ பேசவில்லை. முப்பது வருடம் அந்த மாதிரி மௌனங்களைக் கேட்டவள் நான். பதில் தெரியாதவன் இழுப்பான், பதில் தெரிந்தவன்தான் அப்படிச் சத்தமில்லாமல் இருப்பான். கடைசியில், “மா, அது இப்ப முக்கியமில்ல. ஆளுங்க விசுவாசம் வளருது லா. நீங்க வராம போனா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஊழியமே ஆட்டம் கண்டுடும்,” என்றாய். ஒரு மெத்தைப் பள்ளத்தில் ஆட்டம் காண்கிற ஊழியம் தாராளமாக ஆடட்டும். ஆனால் உன் ஞாபகம் சரியாகவே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ ஏமாந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டவன்.

அஞ்சலை அக்காவைத் தேடினேன். அவளோடு அந்தப் பேரங்காடியில் காசாளராக இருந்த ஒருத்தியிடம் அவள் மகளுடைய நம்பர் இருந்தது. இப்போது செந்தூலில், மகள் வீட்டில், நான்காவது மாடி. கொமூட்டர் ரயிலில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறிப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. தெரியாமலேயே, வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சுவரைப் பிடித்து எழுந்து, அதைத் துணியால் துடைத்து, “உட்காருங்கம்மா, படியேறி வந்திருக்கீங்க,” என்றாள். அவள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். நான் யார் என்று சொல்லக்கூட இன்னும் வாய் திறக்கவில்லை.

சொன்னேன். அழுதேன் என்று நினைக்காதே, அழுகிற ஆள் நான் இல்லை. உங்களை எழுப்பினது தப்புக்கா, மன்னிச்சுடுங்க என்றேன். கோபமாகத்தானே வராமல் போனீர்கள் என்று கேட்டேன். “கோவமா? அதெல்லாம் இல்லம்மா. எட்டரைக்கு மேல எனக்கு பஸ் இல்ல, அதான் வரல,” என்றாள். முழங்காலைத் தடவிக்கொண்டே, “உங்க வீட்டு நாற்காலி நல்லா மெத்துன்னு இருந்துச்சும்மா. இன்னும் கொஞ்சம் உட்கார விட்டிருக்கலாம்,” என்றாள். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். பிறகு, கர்த்தர் அப்புறம் வந்தாரா என்று விசாரித்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக, உன் பெயர் கேட்டு உனக்காக, உன் மண்டபத்துக்காகவும் ஜெபித்தாள். புகை இல்லை, கீபோர்டு இல்லை. பக்கத்து வீட்டில் மசாலா அரைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அங்கே இருந்தார் என்று நான் சொன்னால் நம்புவாயா? நம்பாவிட்டால் போ. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அவர் நம் நடுவில் இருக்கிறார் என்பதை நான் உன்னைவிட அதிகமாக நம்புகிறேன், தம்பி. நீங்கள் அவருக்கு இடம் ஒதுக்கிக் கயிறு கட்டுகிறீர்களே, அதைத்தான் நம்ப மாட்டேன். வராதவரை வரவழைக்கிறவர்களுக்குத்தான் கண்ணாடிப் பெட்டி வேண்டும். ஏற்கெனவே வந்திருப்பவர் உட்கார இடம் கேட்டு நின்றுகொண்டிருக்கலாம். அதைப் பார்க்கக் கண்ணைத் திறந்து ஜெபிக்க வேண்டும், நம் ஆட்களுக்கு அது வராது. நீ என்னிடம் சாட்சி கேட்டாய். இந்தக் கடிதம்தான் என் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை மேடையில் முழுசாகப் படி. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். படிக்காவிட்டாலும் வருவேன், நீ என்ன பேசுகிறாய் என்று பார்க்க.

காலையில் லோரிக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, “ஆன்டி, பெட்டாலிங் ஜெயான்னுதானே ஆர்டர்ல இருக்கு?” என்று கேட்டார். “அட்ரஸ் மாறிடுச்சுப்பா. செந்தூல், நாலாவது மாடி. லிப்ட் ஓடுதான்னு பார்த்துக்குங்க,” என்று எழுதிக் கொடுத்தேன். வெல்வெட் உறையைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பினேன், வெயிலில் புழுங்கும். மத்தியானம் அஞ்சலை அக்கா போன் செய்தாள். “அம்மா, நாற்காலி வந்துருச்சு. அதுல உட்கார்ந்துகிட்டுதான் பேசுறேன்,” என்றாள்.

உனக்கு அந்த நாற்காலி வேண்டியேதான் ஆக வேண்டும் என்றால், செந்தூல் ஒன்றும் தூரமில்லை. முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ போனால் கதவு திறந்திருக்கும், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை உனக்கு இழுத்துப் போடச் சொல்வாள். எழுந்திருங்கள் என்று நீயே அவளிடம் சொல். நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன், இரண்டாவது தடவை என்னால் ஆகாது.

அம்மா